வீட்டுத் தோட்டத்தில் உயிர்வேலி: அடியிலிருந்தே அடர்த்தியாக வளர்க்கும் முறை

உயிர்வேலி வைத்த வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே குறைதான். நெஞ்சு உயரத்தில் பச்சைப் பசேலென்று இருக்கும்; முழங்காலுக்குக் கீழே வெறும் குச்சி. கோழியும் ஆட்டுக்குட்டியும் அந்தச் சந்து வழியாக வந்து போகும். எவ்வளவு உரம் போட்டாலும், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்த அடிப்பகுதி மறுபடி நிறையாது.

முதல் ஆறு மாதத்தில் வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டாமல் விட்டதுதான் இதற்குக் காரணம். "ஆள் உயரம் வரட்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்" என்று காத்திருக்கும் வேலி எல்லாம் இப்படித்தான் ஆகிறது. வேலியின் அடியை முதல் வருடத்திலேயே கட்டிவிட வேண்டும். கீழே உள்ள வேலைகளின் வரிசை அதற்காகத்தான்.

தமிழ்நாட்டின் சமவெளி வெயிலையும் வடகிழக்குப் பருவமழையையும் மனதில் வைத்து மாதங்களைச் சொல்லியிருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இந்தக் கணக்கு பொருந்தாது.

## 1. வேலி எதற்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆடு மாடு வராமல் தடுக்கவா, தெருவில் போகிறவர்கள் கண்ணில் வீடு படாமல் இருக்கவா, பூப் பறிக்கவா, பாதையோரம் அழகுக்கா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் நர்சரிக்குப் போனால் அன்றைக்கு அங்கே பளபளப்பாக இருக்கும் செடிதான் வண்டியில் ஏறும்.

பூவும் வேண்டும், சுவர் மாதிரி அடர்த்தியும் வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். இட்லிப்பூவும் செம்பருத்தியும் புதுக் கிளையின் நுனிப்பக்கத்தில்தான் பூக்கின்றன. மாதம் ஒருமுறை கத்தரி வைத்தால் மொட்டுகள் எல்லாம் குப்பைக்குப் போய்விடும். பூ வேண்டும் என்றால் வேலி சற்றுக் கலைந்துதான் இருக்கும். இரண்டில் எது முக்கியம் என்று செடி வாங்கும் முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

இன்னொன்று. என்றும் பசுமையான செடி என்றால் இலையே உதிராது என்று அர்த்தம் இல்லை. உள்பக்கத்துப் பழைய இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். நுனி பச்சையாகத் துளிர்த்துக்கொண்டிருக்கும் வரை அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொங்குப் பக்கம் காட்டு வேலியில் இருக்கும் கிளுவை அப்படி இல்லை, வறண்ட காலத்தில் மொத்தமாக இலையைக் கொட்டிவிடும். பயிரைக் காக்க அருமையான வேலி, ஆனால் மறைப்புக்கு ஆகாது.

## 2. செடித் தேர்வு

வீட்டுத் தோட்டத்தில் நின்று பலன் தரும் செடிகளை மட்டும் சொல்கிறேன்.

ஆடாதோடை. பெயரே காரணத்தைச் சொல்லிவிடுகிறது, ஆடு தொடாது. குச்சி ஊன்றினாலே வேர் பிடிக்கும். இலை பெரிது என்பதால் மெல்லிய சுவர் மாதிரி வெட்ட வராது. கொல்லைப்புறத்துக்கு இதுதான் என் முதல் தேர்வு.

மருதாணி. வெயிலும் வறட்சியும் தாங்கும். வெட்ட வெட்ட அடர்த்தியாகும், முற்றிய கிளையின் நுனி முள்ளாக மாறும். வெட்டிய இலையும் வீணாகாது. கோடையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் விட்டால் மட்டும் இலையைக் குறைத்துக்கொள்ளும்.

சங்கங்குப்பி. பீச்சங்கு என்றும் சொல்வார்கள். பூங்காக்களில் பெட்டி பெட்டியாக வெட்டி விட்டிருக்கும் கரும்பச்சைச் செடிகளில் பாதி இதுதான். உப்புக்காற்றையும் உவர்மண்ணையும் தாங்குவதால் கடற்கரை ஊர்களில் இதைவிட நல்ல தேர்வு இல்லை.

இட்லிப்பூ. அழகானது, நிதானமாக வளரும், அதனால் வெட்டு வேலையும் குறைவு. ஆனால் சுண்ணாம்பு கலந்த மண் இதற்கு ஆகவே ஆகாது. ஆறாவது பகுதியில் விவரமாகச் சொல்கிறேன்.

காமினி. சிறிய இலை, மணமுள்ள வெள்ளைப் பூ, நேர்க்கோட்டு வெட்டுக்கு ஏற்றது. அரை நிழலையும் தாங்கும். எலுமிச்சை அல்லது நாரத்தை மரம் இருக்கும் தோட்டத்தில் மட்டும் வைக்க வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம்; எலுமிச்சையில் நோய் பரப்பும் தத்துப்பூச்சிக்குக் காமினி துளிரும் பிடித்தமான இடம்.

களாக்காய், கொடுக்காப்புளி. இரண்டும் முள் வேலிக்கு. களா ஊறுகாய்க்கும் ஆகும். கொடுக்காப்புளியை வெட்டாமல் இரண்டு வருடம் விட்டால் மரமாகிவிடும், அதனால் ஆள் வைத்தாவது வெட்ட முடியும் என்றால் மட்டும் வையுங்கள்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. சாலை நடுவே நின்றால் சரி, குழந்தைகளும் கன்றுக்குட்டியும் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். துரந்தாவின் மஞ்சள் காயும் நஞ்சுதான். வைத்தே ஆக வேண்டும் என்றால் காய்க்க விடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உண்ணிச்செடி நம் காடுகளை மூடிய களை, அதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். வேகமாக வளரும் என்று விற்கப்படும் கோனோகார்பஸ் பக்கமும் போக வேண்டாம். குஜராத் அரசு 2023இல் அதை நடக்கூடாது என்று தடையே போட்டது. மகரந்தத்தால் வரும் ஒவ்வாமையும், குழாய்களையும் கம்பிகளையும் குடையும் வேரும் அதற்குச் சொன்ன காரணங்கள்.

## 3. இடம் பார்த்தல், கயிறு கட்டுதல்

ஒரு நாள் காலை, மதியம், மாலை என மூன்று முறை அந்த இடத்தில் போய் நில்லுங்கள். ஐந்து மணி நேர நேர்வெயில் வரிசை முழுக்க விழ வேண்டும். பாதி வரிசை வெயிலிலும் பாதி வேப்பமர நிழலிலும் இருந்தால் நிழல் பாதி மெலிந்தே நிற்கும். அந்தப் பகுதிக்கு மட்டும் காமினி வைப்பது நல்லது.

சுற்றுச்சுவரில் இருந்து இரண்டரை அடி தள்ளிக் கயிறு கட்டுங்கள். புதிதாக வைப்பவர்கள் சுவரை ஒட்டி ஓரடியில் வைத்துவிடுகிறார்கள். செடி சிறியதாக இருக்கும்போது அது தெரியாது. இரண்டாம் வருடம் வேலிக்குப் பின்னால் போய் வெட்ட இடம் இருக்காது, பின்பக்கம் முழுக்கக் காய்ந்துபோகும்.

பக்கத்து மனைக்குச் சுவர் இல்லை என்றால், வளர்ந்த வேலியின் பாதி அகலமும் நீங்கள் நின்று வெட்டும் இடமும் உங்கள் எல்லைக்குள் வருகிற மாதிரி தள்ளி வையுங்கள். பின்னால் வரும் மனவருத்தத்தை இது மிச்சப்படுத்தும்.

கழிவுநீர்த் தொட்டி, மோட்டார் குழாய், மின்கம்பி போகும் தடம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தொட வேண்டும்.

## 4. செடிக் கணக்கு

இட்லிப்பூ, காமினி, மருதாணி, சங்கங்குப்பிக்கு ஓரடிக்கு ஒரு செடி. 40 அடி வரிசைக்கு 41 செடிகள். செம்பருத்திக்கும் ஆடாதோடைக்கும் ஒன்றரை அடி இடைவெளி போதும். ஆடு மாட்டைத் தடுக்கும் முள் வேலி என்றால் இரண்டு வரிசையாக வைக்க வேண்டும். வரிசைக்கு வரிசை ஓரடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. முன் வரிசையில் இரண்டு செடிக்கு நடுவே உள்ள சந்துக்கு நேராகப் பின் வரிசைச் செடி வர வேண்டும்.

நெருக்கி வைத்தால் சீக்கிரம் மூடும் என்று அரையடிக்கு ஒன்று வைப்பவர்களும் உண்டு. வேர்கள் தண்ணீருக்குப் போட்டி போடும், வெளிச்சம் தேடி எல்லாமே மேலே ஓடும், அடி காலியாகும். எதைத் தவிர்க்கப் பார்க்கிறோமோ அதுவே சீக்கிரம் வந்துவிடும்.

கணக்குக்கு மேல் நான்கைந்து செடிகள் கூடுதலாக வாங்கி, பையிலேயே வளர்த்து வையுங்கள். எதற்கு என்பது கடைசிப் பகுதியில் வரும்.

## 5. நர்சரிச் செடியா, சொந்தக் குச்சியா

நர்சரியில் நான்கடி உயரச் செடிக்கும் ஓரடிச் செடிக்கும் விலை வித்தியாசம் அதிகம், நமக்குத் தேவை ஓரடிச் செடிதான். உயரமான செடி அடியில் ஏற்கெனவே மொட்டையாக இருக்கும். மண்ணில் இருந்து நான்கு விரல் உயரத்துக்குள் இரண்டு மூன்று கிளை பிரிந்த குட்டைச் செடிகளாகப் பொறுக்குங்கள். பையின் அடியைப் பாருங்கள். தடித்த வேர் சுற்றிச் சுற்றிக் கயிறு மாதிரி கிடந்தால் வேண்டாம், அது மண்ணுக்குள் போனாலும் அதே வட்டத்திலேயே சுற்றும்.

ஆடாதோடை, மருதாணி, செம்பருத்தி, சங்கங்குப்பி எல்லாம் குச்சியிலேயே வரும். 41 செடி வாங்கும் காசு மிச்சம். வைகாசி கடைசி அல்லது ஆனியில் ஆரம்பித்தால் புரட்டாசி நடவுக்குத் தயாராகிவிடும்.

பென்சில் பருமனுள்ள, முற்றவும் முற்றாத இளசும் இல்லாத கிளையாக எடுங்கள். 6 முதல் 8 அங்குல நீளம், நான்கு கணுவாவது இருக்க வேண்டும். அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே, சாய்வாக. மேல் வெட்டு நேராக. இந்த வித்தியாசம் இல்லாவிட்டால் ஐம்பது குச்சியைக் குவித்துப் போட்டபின் எது தலை, எது கால் என்று தெரியாது. தலைகீழாக ஊன்றிய குச்சி பிழைப்பது அரிது.

செம்மண், மணல், மட்கிய உரம் சமபங்கு கலந்த பையில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். அடியில் உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலையைப் பாதியாக வெட்டி விட்டால் போதும்.

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பத்துப் பதினைந்து நாளில் கணுவில் பச்சையாகத் துளிர் வரும். "பிடித்துவிட்டது" என்று வெயிலில் தூக்கி வைத்தால் மூன்றே நாளில் கருகும். அந்தத் துளிர் குச்சிக்குள் சேர்ந்திருந்த சத்தில் வந்தது, வேரில் இருந்து வந்தது இல்லை. குச்சியை இழுத்துப் பார்த்தும் சோதிக்காதீர்கள், அப்போதுதான் பிடித்த நூல் வேர் அறுந்துவிடும். பையின் அடித் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும் வரை பொறுங்கள். ஒன்றரை மாதம் ஆகலாம். அதன்பிறகு ஒரு வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்கி, அப்புறம் முழு வெயிலுக்கு மாற்றுங்கள்.

## 6. குழி வேண்டாம், வாய்க்கால் தோண்டுங்கள்

ஆவணியிலேயே தோண்டிவிட வேண்டும். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், வரிசை முழுக்க ஒரே வாய்க்கால். செடிக்கு ஒரு குழி என்று தோண்டினால் குழிக்குள் மட்டும் மண் இளக்கமாகவும் சுற்றிலும் இறுக்கமாகவும் இருக்கும். ஒரு குழியில் தண்ணீர் தேங்கும், இன்னொன்றில் வடியும். ஒரு செடி ஓங்கும், பக்கத்துச் செடி சுணங்கும். வேலியில் எல்லாச் செடியும் ஒரே வேகத்தில் வளர்வதுதான் முக்கியம்.

வீட்டைச் சுற்றியுள்ள மண்ணை நம்பாதீர்கள். திருச்சியில் ஒரு புது வீட்டுச் சுவரோரம் இட்லிப்பூ வரிசை வைத்தோம். மேல்மண் நல்ல செம்மண், அதைப் பார்த்ததும் ஓரடிக்கு மேல் தோண்டாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது மாதம் துளிர் இலை எல்லாம் வெளிறிய மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, ஒவ்வொரு இலையும் வலை விரித்த மாதிரி இருந்தது. ஒரு செடியைப் பெயர்த்துப் பார்த்தால், வேர் போய் நின்ற இடத்தில் உடைந்த செங்கல், காய்ந்த சிமெண்ட் கட்டி, பூச்சுவேலையில் மிஞ்சிய குப்பை. வீடு கட்டியவர்கள் புதைத்து மேலே செம்மண் பரப்பியிருக்கிறார்கள். சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் காரத்தன்மை மண்ணில் உள்ள இரும்புச்சத்தைச் செடி எடுக்க விடாது. 30 செடியையும் பெயர்த்து, வாய்க்காலை ஒன்றரை அடிக்கு இறக்கி, மண்ணை மாற்றி மறுபடி நட்டோம். முதலிலேயே இன்னும் அரையடி தோண்டியிருந்தால் அந்த வேலையே இல்லை.

தோண்டிய மண்ணைக் கல், கட்டடக் குப்பை இல்லாமல் பொறுக்கி, நன்றாக மட்கிய தொழு உரத்தை மூன்றில் ஒரு பங்கு சேருங்கள். பச்சைச் சாணம் போடக் கூடாது, மட்கும்போது சூடு கிளம்பி இளம் வேரைக் கெடுக்கும், கரையானையும் அழைக்கும். ஓரடி நீளத்துக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு கலந்துவிடுங்கள். களிமண் என்றால் ஆற்றுமணல் அல்லது எம்-சாண்டை விட மட்கிய இலைக்குப்பைதான் மண்ணை அதிகம் இளக்கும். அதிலும் இட்லிப்பூ வைக்கும் வாய்க்காலில் எம்-சாண்ட் போடாதீர்கள்.

வாய்க்காலை நிரப்பியபின் தரைமட்டத்தைவிட மூன்று நான்கு விரல் உயரமாக மண் நிற்க வேண்டும். இரண்டு முறை தண்ணீர் விட்டு, மூன்று வாரம் அப்படியே விடுங்கள். மண் தானாக அமுங்கும். அமுங்கும் முன் நட்டால் செடியும் சேர்ந்து கீழே இறங்கி, கழுத்து மண்ணுக்குள் புதையும், தண்டு அழுகும்.

## 7. நடவு

புரட்டாசி முதல் இரண்டு வாரம் சரியான காலம். ஐப்பசியில் பெருமழை தொடங்கும் முன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், அதன்பிறகு மழையே வளர்த்துவிடும். கோடையில் நட்டால் செடி பிழைப்பதற்கே சத்து முழுவதும் செலவாகும்.

நடும் நாளில் மாலை நான்கு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். காலையிலேயே பைகளுக்குத் தண்ணீர் விட்டு வைக்க வேண்டும். காய்ந்த பையைக் கிழித்தால் மண்கட்டி உடைந்து வேர் அறும்.

பையைக் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுங்கள். பையோடு நட்டால் மட்கிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிளாஸ்டிக் மட்காது. மண்கட்டி ஒட்டும் களிமண்ணாக இருந்தால், ஒரு வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து வெளிப்பக்கத்தை மட்டும் லேசாகக் கரைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேர் அந்த உருண்டையை விட்டு வெளியே வராது.

பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில்தான் நிலத்திலும் இருக்க வேண்டும். கயிற்றை ஒட்டி எல்லாச் செடியையும் முதலில் பரப்பி வைத்துப் பாருங்கள். பிறகு இரண்டு கையாலும் சுற்றி அழுத்தி, உடனே தண்ணீர் விடுங்கள். காலால் மிதிக்க வேண்டாம்.

ஆடு வரும் இடம் என்றால் அன்றைக்கே நைலான் வலையோ காய்ந்த முள்ளோ கட்டிவிடுங்கள். நாளைக்குக் கட்டலாம் என்று விட்ட வரிசையை ஒரே இரவில் இழந்தவர்களைத் தெரியும்.

## 8. முதல் வெட்டு: தள்ளிப் போடக்கூடாத வேலை

நட்டு நான்கு வாரம் கழித்துப் புதுத் துளிர் வரும். வந்தால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். மழை விட்ட ஒரு நாளாகப் பார்த்து, ஓரடிச் செடியை 6 அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள். எல்லாச் செடியையும், ஒன்று விடாமல், ஒரே உயரத்தில்.

கை வராது. நானும் பல வீடுகளில் கத்தரியை வாங்கி வெட்டிக் கொடுத்திருக்கிறேன். "இப்போதுதானே துளிர்க்கிறது, பாவம்" என்பார்கள். ஆனால் செடிக்குள் நடப்பது இதுதான். நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின் என்ற சுரப்பு கீழே இறங்கி, பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. நுனி இருக்கும் வரை செடி ஒற்றைக் குச்சியாக மேலேதான் போகும். நுனியை எடுத்ததும் அதற்குக் கீழே உள்ள இரண்டு மூன்று கணுக்கள் விழித்துக் கிளையாகும். 6 அங்குலத்தில் வெட்டினால் கிளைகள் அதற்குக் கீழே, மண்ணை ஒட்டிப் பிறக்கும். மூன்றடியில் முதல் வெட்டு விழுந்தால் கிளைகளும் மூன்றடியில்தான் பிறக்கும்.

வெட்டு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கூர்மையான கைக்கத்தரியால் விழ வேண்டும். மொண்ணைக் கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்தில் இருந்து தண்டு கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே போகும்.

பிறகு புதுக் கிளைகள் அரையடி நீளும் ஒவ்வொரு முறையும் பாதியை வெட்டுங்கள். மேலே மட்டும் இல்லை, இரண்டு பக்கமும். முதல் வருடத்தில் இப்படி நான்கு முறையாவது ஆகும். ஒரு வெட்டுக்கு மூன்று அங்குல உயரம் மட்டுமே சேரும், அது போதும். வருட முடிவில் உங்கள் வேலி ஒன்றரை அடி உயரத்தில், நாய்க்குட்டி நுழைய முடியாத அடர்த்தியில் நிற்கும். அதே நாளில் நட்டு வெட்டாமல் விட்ட வேலி நான்கடி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

## 9. தண்ணீரும் முதல் கோடையும்

மழை இல்லாத நாட்களில் முதல் இரண்டு வாரம் தினமும், அடுத்த ஒரு மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதன்பிறகு நாள் கணக்கு பார்க்காமல் விரல் கணக்கு பாருங்கள். ஆட்காட்டி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, ஈரம் தட்டினால் தண்ணீர் வேண்டாம்.

கீழ் இலை மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவது வழக்கமான தவறு. களிமண்ணில் பெரும்பாலும் அது தண்ணீர் கூடியதன் அடையாளம்.

வேர் பிடித்தபின் தினமும் மேலாகத் தெளிப்பதைவிட வாரம் இரண்டு முறை ஆழமாக விடுவது நல்லது. மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே நிற்கும், சித்திரையில் முதலில் வாடுவது அதுதான். நீண்ட வரிசைக்கு 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டால் வேலை மிச்சம்.

மாசி முடியும் முன் வரிசை முழுக்கக் காய்ந்த சருகையோ தென்னை நார்க்கழிவையோ மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விட வேண்டும். ஒட்டிப் போட்டால் கரையான் நேரே தண்டில் ஏறும்.

## 10. வடிவம்: அடி அகலம், தலை குறுகல்

இரண்டாம் வருடம் முதல் இதுதான் முழு வேலை. அடி இரண்டரை அடி அகலம் என்றால் தலை ஒன்றரை அடி. பக்கங்கள் மேலே போகப் போக உள்ளே சாய வேண்டும். அப்போதுதான் அடிக் கிளைக்கும் வெயில் விழும். நின்ற இடத்தில் இருந்து கத்தரியை ஓட்டினால் கை எட்டும் மேல்பகுதி பெருத்து, குனிய வேண்டிய அடிப்பகுதி மெலிந்து, வேலி காளான் மாதிரி ஆகிவிடும். அதனால் கீழிருந்து மேலாக வெட்டுங்கள்.

கண்ணளவை நம்ப வேண்டாம். இரண்டு முனையிலும் கழி நட்டு, வேண்டிய உயரத்தில் சணல் கயிறு கட்டி, அதன்படி வெட்டுங்கள். பத்தடிக்கு ஒருமுறை பின்னால் தள்ளி நின்று பாருங்கள்.

பெரிய வெட்டு வருடத்துக்கு இரண்டு: மாசியில் ஒன்று, ஆடி கடைசியில் ஒன்று. நடுவே ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் தட்டினால் போதும். அக்னி நட்சத்திர நாட்களில் கத்தரியைத் தொடாதீர்கள். நிழலில் இருந்த உள் இலைகள் ஒரேயடியாக வெயிலுக்கு வந்து இரண்டே நாளில் கருகிப்போகும். அடைமழையிலும் வேண்டாம், ஈரக் காயத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

பூ வேலிக்குக் கணக்கு வேறு. ஒரு தொகுதி பூத்து ஓய்ந்ததும் வெட்டிவிட்டு, அடுத்தது பூக்கும் வரை விட்டுவிடுங்கள்.

வெட்டத் தொடங்கும் முன் நீளக் கழியால் வேலியை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். குளவிக் கூடு இருந்தால் தெரிந்துவிடும், பாம்பு இருந்தாலும் நகர்ந்து போகும். சின்னானும் தையல்சிட்டும் இந்த மாதிரி அடர்ந்த செடியில்தான் கூடு வைக்கின்றன. ஒருமுறை ஒரு வேலியில் கத்தரி போகிற வழியில், இரண்டு இலையை நாரால் தைத்த பை மாதிரி ஒன்று தொங்கியது. உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு நடுவே வாயைப் பிளந்த மூன்று குஞ்சுகள். அந்த மூன்றடியை விட்டுவிட்டு மற்றதை வெட்டினேன். ஒரு மாதத்துக்குள் பறந்துவிடும், வேலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

## 11. உரம்

பெரிய வெட்டு முடிந்த வாரத்தில், செடிக்கு ஒரு கிலோ தொழு உரமோ அரைக் கிலோ மண்புழு உரமோ, தண்டில் இருந்து ஒரு சாண் தள்ளி. வருடத்துக்கு இரண்டு முறை போதும். யூரியா வேண்டாம். இலை மளமளவென்று வரும், ஆனால் சாறு நிறைந்த மெத்தென்ற துளிராக வந்து பூச்சியைக் கூப்பிடும்.

இட்லிப்பூவில் மஞ்சள் இலை, பச்சை நரம்பு தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட் உப்பு) அரை எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் இலை மேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. மண்ணில் சுண்ணாம்பு இருக்கும் வரை இது தற்காலிகத் தீர்வுதான்.

## 12. மாவுப்பூச்சி

செம்பருத்தி வேலி என்றால் இதை எதிர்பார்த்தே இருங்கள். 2008இல் கோயம்புத்தூர் பக்கம் தென்பட்டுப் பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் அழித்த பப்பாளி மாவுப்பூச்சிக்குச் செம்பருத்தியும் வீடுதான். 2010இல் அசெரோபேகஸ் என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டில் இருந்து வரவழைத்து விட்டபிறகுதான் அது அடங்கியது. கண்ட பூச்சிமருந்தையும் அடித்தால் இந்த மாதிரிக் குளவிகள்தான் முதலில் சாகும்.

எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்புச் சாறுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். முதலில் எறும்புப் புற்றைக் கலையுங்கள். வெள்ளை அப்பிய நுனிகளை வெட்டி உடனே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், வேலி அடியில் போடாதீர்கள். மீதியைக் குழாய்த் தண்ணீரால் பீய்ச்சி அடித்துக் கழுவி, மறுநாள் மாலை ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மிதக்கும், பட்ட இடத்தில் இலை கருகும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

## 13. இடைவெளி விழுந்தால், பழைய வேலி மொட்டையானால்

நட்ட இரண்டு மாதத்துக்குள் ஒரு செடி போனால், பையில் வளர்த்து வைத்த செடியை உடனே அங்கே வையுங்கள். ஒரே வயது என்பதால் சேர்ந்துகொள்ளும். இரண்டு வருடம் கழித்து விழும் சந்தில் புதுச் செடி வைத்தால் பக்கத்து வேர்கள் அதை வாழ விடாது. அங்கே பதியம் போடுவதுதான் சரி. பக்கத்துச் செடியின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, மண்ணில் படும் இடத்தில் தோலை லேசாகச் சீவி, கவைக்குச்சியால் அழுத்திப் புதைத்துவிடுங்கள். நுனி மட்டும் வெளியே நிற்கட்டும். தாய்ச்செடி பாலூட்டிக்கொண்டே இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். நான்கைந்து மாதம் கழித்து வேர் பிடித்ததும் தொடர்பை வெட்டலாம்.

அடி மொட்டையான பழைய வேலியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. மருதாணி, ஆடாதோடை, செம்பருத்தி, சங்கங்குப்பி நான்கையும் ஓரடி உயரத்துக்கு மொத்தமாக வெட்டினாலும் துளிர்க்கும். ஒரு மாதம் முன்பே உரமிட்டு, நல்ல தண்ணீர் விட்டு, ஆடி கடைசியில் வெட்டுங்கள். துளிர் அரையடி வந்ததும் எட்டாவது பகுதியில் சொன்ன மாதிரி மறுபடி பாதி வெட்டு.

இட்லிப்பூவிடம் இந்த அவசரம் கூடாது. இந்த வருடம் தெருப்பக்கம் மட்டும், அது துளிர்த்து மூடியபிறகு அடுத்த வருடம் வீட்டுப்பக்கம். உயரத்தை மூன்று தவணையாக இறக்குங்கள். வெட்டிய பக்கத்தில் பழுப்புத் தண்டில் அரிசி அளவுக்குச் சிவந்த மொட்டுகள் புடைத்து வர மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை தினமும் போய்ப் பார்த்துவிட்டு, தண்ணீரைக் கூட்டாமல் வழக்கமான அளவிலேயே விட்டுக்கொண்டிருங்கள். இலை இல்லாத செடி தண்ணீரை அதிகம் குடிக்காது.